பரிசு வேணாம், அவங்களுக்கு வேலை குடுங்க

எல்லாருக்கும் வணக்கம். டீச்சர்ஸ் வந்திருக்கீங்க, அப்பா அம்மா வந்திருக்கீங்க, முன்னாடி தரையில சின்னப் பசங்களும் உக்காந்திருக்கீங்க. பசங்களா, இன்னைக்கு பேச்சு உங்களைப் பத்திதான், ஆனா நான் கேக்கப் போறது எல்லாம் பெரியவங்க கிட்ட, அதனால நீங்க நிம்மதியா உக்காருங்க.

பிள்ளைங்களுக்கு இரக்கத்தைக் கத்துக்குடுக்கணும்னு எந்த மேடை ஏறினாலும் சொல்றாங்க. எனக்கு அதுல முழு சம்மதம் இல்ல. 2006ல வார்னெகன், தொமசெல்லோன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் சயின்ஸ் பத்திரிகையில ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, எல்லாம் ஒன்றரை வயசுக் குழந்தைங்க, சரியா பேச்சுகூட வராது. முன்னப்பின்ன பழக்கமில்லாத ஒருத்தர் ரெண்டு கையிலயும் பத்திரிகைங்களை அடுக்கிக்கிட்டு வந்து மூடின அலமாரியில போய் முட்டுறார், திறக்க கை இல்ல, திரும்பவும் முட்டுறார். அம்மா பக்கத்துல நிக்கிற குழந்தை இதைப் பாத்துட்டு தத்தித் தத்தி நடந்து போய் கதவை இழுத்துத் திறந்து விடுது. யாரும் செய்னு சொல்லல, ஒண்ணும் குடுக்கவும் இல்ல. அப்ப இரக்கம் ஏற்கனவே அங்க இருக்கு, நாம அதை என்ன பண்றோம்ங்கறதுதான் விஷயம்.

அதே ரெண்டு பேர் 2008ல இன்னொண்ணு பண்ணிப் பாத்தாங்க. உதவி செஞ்ச குழந்தைங்கள்ல சிலருக்கு பொம்மை மாதிரி ஒரு பரிசு, சிலருக்கு வெறும் பாராட்டு, சிலருக்கு ஒண்ணுமே இல்ல. அப்புறமா பாத்தா பரிசு வாங்கின குழந்தைங்கதான் குறைவா உதவி செஞ்சாங்க! இதைப் படிச்ச நாள்லேர்ந்து நல்ல காரியம் செஞ்ச பிள்ளைக்கு மேடையில கப் குடுக்குறதைப் பாத்தா எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. குடுக்குறவங்க நல்ல எண்ணத்துலதான் குடுக்குறாங்க, ஆனா அந்தப் பிள்ளை அடுத்த தடவை விழுந்தவனைத் தூக்கி விடுறதுக்கு முன்னாடி யாராச்சும் பாக்குறாங்களான்னு திரும்பிப் பாத்துச்சுன்னா அதுக்கு நாமதான காரணம்.

பரிசு இல்லாம வேற என்ன குடுக்கறதுன்னு கேப்பீங்க. வேலை குடுங்க. கனடாவுல ரயன் ரெல்ஜாக்னு ஒரு பையன், 1998ல ஒண்ணாங்கிளாஸ், ஆறு வயசு. உலகத்துல சில இடங்கள்ல பிள்ளைங்க தண்ணிக்காக ரொம்ப தூரம் நடக்குறாங்கன்னு டீச்சர் சொல்றாங்க, இவனுக்கு கிளாஸ்லேர்ந்து தண்ணிக் குழாய் பத்து காலடி தூரம். 70 டாலர் இருந்தா கிணறு போட்டுரலாம்னு நினைச்சு வீட்டுல போய் காசு கேக்குறான். இந்த இடத்துல அந்த அப்பா அம்மா செஞ்சதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, காசை எடுத்து நீட்டல, கூடுதலா வீட்டு வேலை செஞ்சு நீயே சம்பாதின்னு சொன்னாங்க. மாசக்கணக்கா வேலை செஞ்சு சேத்து, கிணறு போட உதவி பண்ற ஒரு அமைப்புக்கிட்ட எடுத்துட்டுப் போனா, இது கைப்பம்புக்குத்தான் வரும், கிணத்துக்கு 2000 டாலர் ஆகும்னுட்டாங்க. ஆறு வயசுப் பையன் அழுதுட்டு விட்டுருவான்னுதான் நினைப்போம், அவன் அப்ப இன்னும் வேலை செய்யறேன்னான். அதுக்கப்புறம் அக்கம்பக்கத்துல விஷயம் பரவி பெரியவங்க ஒவ்வொருத்தரா சேந்து, 1999ல உகாண்டாவுல அங்கோலோ தொடக்கப்பள்ளி பக்கத்துல கிணறு வந்துருச்சு. 2001ல அவன் பேர்லயே ஒரு அறக்கட்டளையும் ஆரம்பிச்சாங்க. முதல் நாளே அப்பா 70 டாலரைக் குடுத்திருந்தா அவன் ஒரு வாரத்துல மறந்திருப்பான்னுதான் எனக்குத் தோணுது.

பெரியவங்களை மாத்துறதுலயும் பிள்ளைங்களுக்கு தனி பலம் இருக்கு. அமெரிக்காவுல வட கரோலினாவுல ஒரு ஆய்வு, 2019ல வந்துச்சு, பருவநிலை மாற்றத்தைப் பத்தி பாடம் படிச்ச பசங்க வீட்டுல அப்பா அம்மாவைப் பேட்டி எடுத்தாங்க, அதுக்கப்புறம் பெத்தவங்களுக்கும் அந்த அக்கறை கூடிருச்சு, அதுவும் பொண்ணுங்க பேசின வீட்டுல இன்னும் அதிகமா. நாம சொன்னா விவாதம் பண்ணுவாங்க, பொண்ணு நோட்டும் பென்சிலுமா வந்து எதிர்ல உக்காந்து கேக்கும்போது அப்பாவுக்கு விவாதம் பண்ணத் தோணாது. தெரு சுத்தமாகணும், வயசானவங்களை விசாரிக்கணும், மரம் வெக்கணும்னா நோட்டீஸ் ஒட்டுறதை விட பிள்ளைங்களைக் கேள்வி கேக்க விடுங்க.

இப்ப டீச்சர்ஸ் கிட்ட ஒரு வேண்டுகோள். கனடாவுலயே வான்கூவர்ல 9 லேர்ந்து 11 வயசுப் பசங்களை வச்சு 19 வகுப்புல ஒண்ணு பண்ணாங்க, 2012ல வெளியாச்சு. பாதிப் பேர் வாரம் மூணு நல்ல காரியம் செய்யணும், மீதிப் பேர் வாரம் மூணு இடத்துக்குப் போய்ட்டு வந்தாப் போதும், நாலு வாரம். சந்தோஷம் ரெண்டு குரூப்புக்கும் கூடுச்சு, ஆனா கூடப் படிக்கறவங்க எங்களோட சேத்துக்கறோம்னு சொன்னது நல்ல காரியம் செஞ்ச பசங்களுக்குத்தான் இன்னும் அதிகமா கூடுச்சு. பெருசா செலவு இல்ல, தனி பாடப்புத்தகம் இல்ல. இன்டர்வெல்ல எல்லாரும் ஓடி விளையாடும்போது செவுத்து ஓரமா நகத்தைக் கடிச்சுக்கிட்டு நிக்கிற புதுப் பிள்ளையை நீங்க பாத்திருப்பீங்க, நீங்க போய் பேசினா அது தலையாட்டும் அவ்வளவுதான், இன்னொரு பிள்ளை போய் வர்றியான்னு கையைப் பிடிச்சா ஓடியே போயிரும்.

அதனால வர்ற திங்கக்கிழமை உங்க கிளாஸ்லயே இதை ஆரம்பிங்க, வாரம் மூணு நல்ல காரியம், நாலு வாரம். என்ன செய்யணும்னு நீங்க பட்டியல் போட்டுக் குடுக்காதீங்க, யாருக்கு என்ன தேவைன்னு அவங்களே சுத்திப் பாத்துட்டு வரட்டும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல பத்து நிமிஷம் ஒதுக்கி கேளுங்க, சொல்ல விருப்பமில்லாத பிள்ளையை வற்புறுத்தாதீங்க, மார்க் வேணாம், ஸ்டார் வேணாம், போட்டோ எடுத்து குரூப்ல போடவும் வேணாம். பிள்ளைங்க கொண்டு வர்ற யோசனை அவங்க கைக்கு மீறினதா இருந்தா, உதாரணத்துக்கு பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி ரோட்டைக் கடக்க பயமா இருக்குன்னு சொன்னாங்கன்னா, மனு எழுத நீங்க உதவி பண்ணுங்க, கையெழுத்து அவங்க போடட்டும், ஆபீசுக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.

நன்றி, வணக்கம்.