மெழுகுவர்த்தி அணைந்ததும் தண்ணீர் ஏன் மேலே ஏறுகிறது? வகுப்பில் செய்து பார்க்க வேண்டிய ஒரு சோதனை

[திரையில்: ஒரு தட்டு, அதில் கலர் கலந்த தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி]

இந்தச் சோதனையை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். தட்டில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் மெழுகுவர்த்தி, அதன் மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கிறோம். சுடர் சிறுத்துச் சிறுத்து அணைகிறது, தட்டில் இருந்த தண்ணீர் விறுவிறுவென்று டம்ளருக்குள் ஏறுகிறது. ஏன் ஏறியது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்துவிட்டது, அந்தக் காலி இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு ஏழாம் வகுப்பில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், பல வருடம் நானும் அதையே மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த விளக்கம் தவறு. அது தவறு என்று தெரிந்துகொள்ளப் பெரிய லேப் எதுவும் வேண்டாம், இன்னும் சில மெழுகுவர்த்தி இருந்தால் போதும். அந்த மெழுகுவர்த்திகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்த வீடியோ.

[திரையில்: மூன்று தட்டு, ஒரே அளவு டம்ளர் மூன்று]

சரி, ஆரம்பிக்கலாம். முதல் தட்டில் ஒரு மெழுகுவர்த்தி, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. டம்ளர் ஒரே அளவு, தண்ணீரும் ஒரே அளவு, மெழுகுவர்த்தியின் உயரமும் ஒன்றாக இருக்கட்டும். தீ இருக்கிற வேலை என்பதால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், பின்னலை முன்னால் தொங்கவிடாமல் பின்பக்கம் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், டம்ளர் கொஞ்சம் கனமான கண்ணாடியாக இருக்கட்டும்.

தீக்குச்சியைக் கிழிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதைத்தான் நாம் எப்போதும் தாண்டிப் போய்விடுகிறோம். எந்த டம்ளரில் தண்ணீர் அதிகம் ஏறும், ஏன், என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுத வேண்டும். வாயால் சொன்னால் போதாது, ஏனென்றால் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒன்று முதலில் சொன்னதும் மற்ற நாற்பது பேரும் அதையே சொல்லிவிடுவார்கள். பேனாவால் எழுதியதை மாற்ற முடியாது, அது தன்னுடைய ஊகம் ஆகிவிடுகிறது, தண்ணீர் ஏறும்போது அந்தக் கண்கள் பார்க்கிற விதமே வேறாக இருக்கும்.

பாடத்தில் இருப்பதை நம்புகிற பிள்ளைகள் மூன்றிலும் ஒரே உயரம்தான் ஏறும் என்று எழுதுவார்கள். அது நியாயமான ஊகம், டம்ளருக்குள் இருக்கிற ஆக்சிஜன் மூன்றிலும் ஒன்றுதானே, அதிக மெழுகுவர்த்தி இருந்தால் சீக்கிரம் தீருமே தவிர அதிகமாகத் தீர முடியாது.

இப்போது கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் நின்ற இடத்தை ஸ்கெட்ச் பேனாவால் டம்ளரில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று இருந்த டம்ளரை விட இரண்டு இருந்ததில் உயரம், மூன்று இருந்ததில் இன்னும் உயரம்.

வகுப்பில் ஒரு நிமிடம் அமைதி. அந்த அமைதியை ஆசிரியர் கலைத்துவிடக் கூடாது என்பது என் கருத்து. விளக்கம் நம் நாக்கு நுனியில் துடித்துக்கொண்டுதான் இருக்கும், இருந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "தண்ணீர் எப்போது ஏறியது?" அநேகமாக யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், அதனால் திரும்பவும் செய்ய வேண்டும். இந்தத் தடவை பார்த்தால் சுடர் எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் அதிகம் நகர்வதில்லை, அணைந்த பிறகுதான் வேகமாக ஏறுகிறது. ஆக்சிஜன் தீரத் தீர ஏற வேண்டிய தண்ணீர் எல்லாம் முடிந்த பிறகு ஏன் ஏறுகிறது?

மூன்றாவது தடவை தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டுச் செய்யுங்கள். டம்ளரைக் கவிழ்க்கும் நொடியில் விளிம்பைச் சுற்றிக் குமிழ்கள் வரும். காற்று வெளியே போகிறது! இதை முதலில் பார்க்கிற பிள்ளை கத்தாமல் இருக்காது.

[திரையில்: குமிழ்கள், மெதுவாக ஓடும் காட்சி]

இப்போது விளக்கம் பிள்ளைகள் வாயிலிருந்தே வரும், நாம் கொஞ்சம் நேர் செய்தால் போதும். சுடர் டம்ளருக்குள் இருக்கிற காற்றைச் சூடாக்குகிறது, சூடான காற்று விரிகிறது, கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று மெழுகுவர்த்தி என்றால் சூடு அதிகம், வெளியேறிய காற்றும் அதிகம், அதனால் உயரமும் அதிகம்.

அப்படியானால் ஆக்சிஜன்? அது செலவாகத்தான் செய்கிறது, ஆனால் முழுதாகத் தீர்வதில்லை. காற்றில் சுமார் 21 சதவீதம் இருக்கிற ஆக்சிஜன் 16 சதவீதம் பக்கம் இறங்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். செலவான அந்த 5 பங்கும் வெறுமனே மறைந்துபோகாது, அதற்குப் பதிலாக கார்பன் டை ஆக்சைடு 3 பங்குக்கு மேல் வந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது, கூடவே வந்த நீராவிதான் குளிர்ந்து தண்ணீராகிவிடுகிறது. கணக்குப் பார்த்தால் ஆக்சிஜன் செலவானதால் குறைகிற இடம் நூற்றில் இரண்டு பங்கு கூட இல்லை.

சந்தேகம் தீராத பிள்ளைக்கு நெருப்பே இல்லாமல் ஒன்று. குடிநீர் வருகிற மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, சுழற்றி, கீழே கொட்டிவிட்டு உடனே மூடியை இறுக்குங்கள். ஆற ஆற பாட்டில் தானாகவே நசுங்கும். இதில் எதுவும் எரியவில்லை, சூடாக இருந்தது ஆறியது மட்டும்தான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சோதனை செய்து காட்டினால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும் என்று நாம் நம்புகிறோம், ஆனால் இந்த மெழுகுவர்த்தியைத்தான் எத்தனையோ வகுப்பறைகளில் செய்து காட்டித் தவறான விளக்கத்தைப் பதியவைத்திருக்கிறோம். ஒரே ஒரு தடவை, மேசை மேல், ஆசிரியர் கையால் செய்யப்படுகிற சோதனை ஒரு காட்சிதான். எதையாவது ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை மாற்றாமல், திரும்பச் செய்யும்போதுதான் அது சோதனை ஆகிறது. மாற்றுவது எதை என்று பிள்ளை தீர்மானித்தால் இன்னும் நல்லது.

இது புது யோசனையும் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு அறிவியல் திட்டம் தொடங்கினார்கள். அதில் பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து தாங்களே சோதனை செய்து, பார்த்ததை எழுதி, அதிலிருந்து முடிவுக்கு வர வேண்டும். பரீட்சையிலும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. 1978ல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் போனது, 1982ல் இதைக் கவனித்துக்கொள்ள ஏகலவ்யா என்ற அமைப்பு வந்தது, பிறகு சுமார் ஆயிரம் பள்ளிகள் வரை பரவியது. 2002ல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. முப்பது வருடம் சாதாரண அரசுப் பள்ளிகளில் நடந்த ஒன்று அது, அதனால் நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சரிப்படாது என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தமிழ்நாட்டிலும் 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கினார்கள், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கருத்தாளர்கள் பொருட்களோடு வந்து சோதனை செய்யவைக்கிறார்கள். அவர்கள் வந்துபோகிற நாளோடு முடிந்துவிடாமல் மற்ற நாட்களிலும் வகுப்பில் தொடர்ந்தால்தான் பலன்.

போர்ஷன் முடிக்க வேண்டுமே என்பீர்கள். உண்மைதான், இந்த ஒரு சோதனைக்கு இரண்டு பீரியட் போய்விடும். ஆனால் வெப்பத்தால் விரிவது, காற்றின் அழுத்தம், எரிதல், நீராவி குளிர்வது என்று நான்கு இடங்களில் தனித்தனியாக எழுதிப்போட வேண்டியது இந்த ஒரு தட்டுக்குள் வந்துவிடுகிறது.

[திரையில்: சோதனைக் குழாய், இரும்புத் தூள்]

கடைசியாக, அந்த ஐந்தில் ஒரு பங்கு. காற்றில் ஆக்சிஜன் அவ்வளவு இருப்பது நிஜம்தான், அதை அளக்க மெழுகுவர்த்தி சரியான கருவி இல்லை, அவ்வளவுதான். துருதான் சரியான கருவி. லேத் பட்டறையில் கேட்டால் இரும்புத் தூள் கொடுப்பார்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், சோப்புத் தண்ணீரில் நன்றாக அலசிக்கொள்ளுங்கள். உள்பக்கம் நனைத்த சோதனைக் குழாயில் தூளைத் தூவினால் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தண்ணீர்க் கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தி, தண்ணீர் மட்டத்தைக் குறித்துவிட்டு, ஓரமாக வைத்துவிடுங்கள். பாத்திரம் தேய்க்கிற பளபள ஸ்டீல் நாரைப் போட்டால் நடக்காது, அது துருப்பிடிக்காத எஃகு, நான் அதைப் போட்டு மூன்று நாள் காத்திருந்திருக்கிறேன்.

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, பதிலுக்கு எந்த வாயுவையும் விடுவதில்லை, சூடாகி காற்று வெளியேறுகிற கதையும் இல்லை. ஓரிரு நாளில் தண்ணீர் மெதுவாக ஏறி, 15 சென்டிமீட்டர் காற்று இருந்த குழாயில் சுமார் 3 சென்டிமீட்டர் வந்ததும் நின்றுவிடும். தினமும் ஒரே நேரத்தில் ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

இதைச் செய்த வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து, "சார், இரும்புத் தூளை ரெண்டு மடங்கு போட்டா தண்ணியும் ரெண்டு மடங்கு ஏறுமா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இன்னொரு குழாயை எடுத்து அவள் கையில் கொடுத்தேன், முதலில் ஊகத்தை நோட்டில் எழுதச் சொன்னேன். நீங்களும் எழுதிவிட்டு, இரண்டு குழாயைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.