ரெண்டு பிள்ளைங்க மூக்குல எடுத்த ஸ்வாப்

வணக்கங்க. காய்ச்சல் வந்த பிள்ளைங்க மூக்குல பஞ்சுக்குச்சி விட்டு ஸ்வாப் எடுக்கறது எதுக்குன்னு சொல்றேன், நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

2009 மார்ச் கடைசி. கலிபோர்னியாவோட தெக்கு மூலை, மெக்சிகோ எல்லைப் பக்கம். சான் டியேகோவுல ஒரு 10 வயசுப் பையனுக்கு காய்ச்சல், இருமல், வாந்தி. ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளி ஒரு 9 வயசுப் பொண்ணுக்கும் காய்ச்சல், இருமல். நம்ம வீட்டுல வந்தா கஷாயம், பாரசிட்டமால், ரெண்டு நாள் லீவு, அவ்வளவுதானே. அங்கயும் அப்படித்தான் போயிருக்கும். ஆனா பையன் போன இடத்துல புது டெஸ்ட் கருவி ஒண்ண சோதிச்சுட்டிருந்தாங்க, பொண்ணு போன இடத்துல எல்லைப்பகுதி ஃப்ளூ கண்காணிப்பு நடந்துட்டிருந்துச்சு, அதனால ரெண்டு பேருக்கும் ஸ்வாப் எடுத்தாங்க. ஃப்ளூவுல ஒரு வகையான இன்ஃப்ளூயன்சா ஏ-ன்னு வந்துச்சு, ஆனா அப்ப மனுசங்ககிட்ட சுத்திட்டிருந்த எந்த வகையோடயும் ஒத்துப்போகல.

இங்கதான் நான் நின்னு பேசணும்னு நினைக்கிறேன். ஒத்துப்போகாத சாம்பிளை "டெஸ்ட்ல ஏதோ கோளாறு"ன்னு ஓரங்கட்டறது ரொம்ப சுலபங்க. அவங்க செய்யல. அடுத்த லேபுக்கு அனுப்பி, அங்கேருந்து அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசிக்குப் போயி, ஏப்ரல் 15 பையனோடதும் 17 பொண்ணோடதும் பன்றி வழி வந்த எச்1என்1 ஃப்ளூ வைரஸ்னு உறுதியாச்சு. ரெண்டு பிள்ளைங்களும் பன்றிகிட்ட போனதா தெரியல, ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமும் இல்ல. அப்ப இது ஆளுக்கு ஆள் தொத்திட்டே வருது.

ஃப்ளூ வைரஸோட மரபணு ஒரே நூல் கிடையாது, 8 துண்டு, மொத்தம் சுமார் 13,500 எழுத்து. ரெண்டு வேற வேற ஃப்ளூ ஒரே செல்லுக்குள்ள புகுந்துட்டா துண்டுங்க கலந்து, வெளிய வர்ற வைரஸ் இதுல கொஞ்சம் அதுல கொஞ்சமா வரலாம். அந்தப் பிள்ளைங்க வைரஸை எழுத்தெழுத்தா படிச்சப்ப 6 துண்டு வட அமெரிக்கப் பன்றி வைரஸோடது, 2 துண்டு ஐரோப்பா ஆசியாப் பன்றிங்களோடது. இந்தக் கலவைய அதுக்கு முன்னாடி யாரும் பாத்ததில்ல. அந்த ரெண்டுல ஒரு துண்டுல அமான்டடின்ங்கற பழைய ஃப்ளூ மருந்து வேலை செய்யாதுன்னு சொல்ற மாற்றம் இருந்துச்சு, அதனால ஆரம்பத்துலயே ஓசெல்டாமிவிர்ங்கற வேற ஃப்ளூ மருந்தைக் குடுங்கன்னு டாக்டருங்களுக்குச் சொல்ல முடிஞ்சுது! ஏப்ரல் முடியறதுக்குள்ள மரபணு வரிசைய எல்லா நாடும் பாக்கற மாதிரி போட்டாங்க, தடுப்பூசி வேலையும் தொடங்குச்சு. ஜூன் 11 உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்றுன்னு அறிவிச்சுது.

ஏன் பிள்ளைங்ககிட்ட பாக்கணும்னா, அவங்க உடம்பு பழைய ஃப்ளூவ அதிகம் சந்திச்சிருக்காது, பெரியவங்கள விட கூடுதல் நாள் வைரஸை வெளிய விடுவாங்க, கிளாஸ்ரூம்ல ஒட்டி ஒட்டி உக்காருவாங்க. புதுசா ஒண்ணு ஊருக்குள்ள வந்தா சீக்கிரமே இவங்க மூக்குல தெரிஞ்சிரும்.

"காய்ச்சல் போயிருச்சே, இனிமே அந்த ஸ்வாப் எதுக்கு?"ன்னு அம்மாக்கள் கேப்பாங்க, நியாயமான கேள்விதான். உங்க பிள்ளைக்கு அந்த ரிசல்ட்டால பிரயோஜனம் கம்மிங்க, ஒளிக்காம சொல்றேன். வருசா வருசம் பிப்ரவரியிலயும் செப்டம்பர்லயும் அடுத்த ஃப்ளூ தடுப்பூசில என்ன சேக்கறதுன்னு உலக சுகாதார நிறுவனத்துல கூடி முடிவு பண்றாங்களே, அங்க போய்ச் சேருது அது. இன்ஃப்ளூயன்சா பி வகையில யமகட்டான்னு ஒரு கிளை, 2020 மார்ச்சுக்கு அப்புறம் உறுதியா எங்கயும் சிக்கல, அதனால தடுப்பூசில இனி அது வேணாம்னு 2023 செப்டம்பர்ல சொன்னாங்க. மூணு வருசத்துக்கு மேல ஊரு ஊரா ஸ்வாப் எடுத்து தேடினதாலதான் அப்படிச் சொல்ல முடிஞ்சுது.