ஆடியவர் கையில் இருந்த கதை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

விண்வெளிக் காவியமாக எழுந்த ஒரு வீடியோ கேம், அனிமே எனப்படும் ஜப்பானிய அசைபடத் தொடராகும்போது பெறுவது அதிகமா, இழப்பது அதிகமா என்ற வழக்கில், இழப்பதே அதிகம் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ‘ஜெனோசாகா’ என்ற வீடியோ கேமைத் தம் தரப்புச் சாட்சியாக அழைத்தார். அந்த விளையாட்டே பாதி திரைப்படம், ஆடாமல் பார்க்க மட்டுமே வேண்டிய அதன் காட்சிகள் சில 20 நிமிடத்தையும் தாண்டி ஓடுகின்றன, ஆகவே அதை அனிமே ஆக்கியதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்றார். அதே சாட்சியை நான் குறுக்கு விசாரணை செய்கிறேன்.

மோனோலித் சாஃப்ட் உருவாக்கி நாம்கோ வெளியிட்ட ஜெனோசாகாவின் முதல் பாகம் 2002-இல் பிளேஸ்டேஷன் 2 என்ற விளையாட்டுக் கருவிக்கு வந்தது. கென்யாவின் துர்கானா ஏரிப் பகுதியில் ஒரு மர்மப் பொருள் தோண்டியெடுக்கப்படுவதில் தொடங்கும் கதை, சுமார் 4,000 ஆண்டுகளைத் தாவி, பூமியைத் தொலைத்துவிட்டு விண்மீன்களிடையே பரவிக் கிடக்கும் மனித குலத்திடம் வந்து நிற்கிறது. 30 மணி நேரத்துக்கும் மேலாக ஆட வேண்டிய அதனை, தோயே அனிமேஷன் 2005-இல் 12 பகுதிகளில் முடித்தது. கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரம்கூடத் தேறாது. நேரக் குறைவை நான் குற்றமாகச் சொல்லவில்லை, சுருங்கச் சொல்வதும் ஒரு கலைதான்.

என் கேள்வி அக்கதையில் வரும் வர்ஜில் என்ற அதிகாரியைப் பற்றியது. வோக்லிண்டே என்னும் போர்க்கப்பலை, சுவரையும் ஊடுருவி வரும் நோசிஸ் என்ற உயிர்கள் தாக்குகின்றன. பொறியாளர் ஷியோன் உருவாக்கத்தில் பங்கேற்ற காஸ்-மாஸ் என்ற பெண்ணுருவ இயந்திரம் தானாகவே விழித்தெழுகிறது. கூடவே வருகிறார் லெப்டினன்ட் வர்ஜில். செயற்கை மனிதர்களை இழிவாக நடத்துபவர், அதற்காக ஷியோனோடு மோதுபவர். அவரை விரும்புவது எளிதன்று. ஆனாலும் விளையாட்டில் அவர் நம் அணியில் சேர்கிறார். அவர் யாரைத் தாக்க வேண்டும் என்று நாம்தான் கட்டளையிடுகிறோம், அவர் அடிபட்டால் நாம்தான் மருந்து கொடுத்துத் தேற்றுகிறோம். சற்று நேரத்தில், ஷியோனைக் காப்பாற்றுவதற்காக, குறுக்கே நிற்கும் வர்ஜிலையும் சேர்த்தே சுட்டு வீழ்த்துகிறது காஸ்-மாஸ். அந்த நொடியில் ஆடியவரின் கையிலிருந்தே ஓர் ஆள் பறிபோகிறார். இதை எத்தனை திறமையாக வரைந்து அசைத்தாலும், பார்ப்பவருக்கு அது வெறுக்கத்தக்க ஓர் அதிகாரியின் சாவு மட்டுமே. ஷியோனின் பதற்றம் அவளுடையதாகவே நின்றுவிடுகிறது, நம்முடையதாவதில்லை.

நீண்ட காட்சிகளைப் பற்றி எதிரணி சொன்னது உண்மைதான். ஆனால் அக்காட்சிகளுக்குக் கனம் எங்கிருந்து வருகிறது? இடையிடையே நாம் நடந்த தாழ்வாரங்களிலிருந்தும், ஷியோனுக்கு வரும் மின்னஞ்சல்களுக்கு அவள் சார்பில் நாம் தேர்ந்தெடுத்த பதில்களிலிருந்தும்தான் வருகிறது. அவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது கதைச் சுருக்கம்.

இன்னொரு சாட்சியும் உண்டு. 1998-இன் ‘ஸ்டார் ஓஷன்: தி செகண்ட் ஸ்டோரி’ என்ற விளையாட்டில் கிளாட், ரெனா என்ற முதன்மைப் பாத்திரங்கள் இருவரில் யார் வழியாகக் கதைக்குள் நுழைவது என்பதை ஆடுபவரே முடிவு செய்கிறார். அணியில் ஆஷ்டன் என்ற பாத்திரத்தைச் சேர்த்துக்கொண்டால் ஓபரா என்ற பாத்திரத்தைச் சேர்க்க இயலாது. யாரோடு நெருங்கினோமோ அதற்கேற்ப முடிவும் மாறும். 2001-இல் வந்த அதன் அனிமே ஒரே பாதையைத்தான் காட்ட முடிந்தது, அதையும் 26 பகுதிகளில் பாதிக் கதையோடு நிறுத்தியது. எஞ்சியது ஒலி நாடகக் குறுந்தகடுகளுக்குப் போயிற்று.

பிளேஸ்டேஷன் இல்லாதவருக்கும் கதை போய்ச் சேர்ந்ததே என்று எதிரணியினர் கேட்பார்கள். சேர்ந்தது, அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் போய்ச் சேர்ந்த கதையில் வர்ஜிலைக் காப்பாற்றி வைத்திருந்த கை இல்லை. விட்டுக்கொடுத்தது அதுவென்றால், பெற்றது எதுவாயினும் தட்டு சமமாகாது என்று கூறி, எங்கள் அணிக்கே தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.