கூட்டாகச் சேர்ந்து ஒப்பந்தப்புள்ளி கொடுப்பதற்கு முன்: குற்றவியல் நீதித் துறையில் தொண்டு நிறுவனங்கள்

[திரையில்: நாகர்கோவில், காலை நேரம். மாவட்டச் சிறைக்குச் செல்லும் சாலை.]

வணக்கம். சிறையிலிருந்து வெளியே வரும் ஒருவருக்கு முதல் மாதத்தில் என்னென்ன தேவைப்படும் என்று எண்ணிப் பார்த்தால், இந்தக் காணொலியின் பொருள் எளிதில் விளங்கும். குளச்சல் பக்கத்தில் கடல்தொழிலுக்குத் திரும்ப வேண்டிய ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் குடிப்பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சை வேண்டும். நிலுவையில் இருக்கும் இன்னொரு வழக்கில் வாய்தா தவறாமல் ஆஜராக ஒரு வழக்கறிஞர் வேண்டும். காணாமற்போன ஆதார் அட்டையை மீண்டும் பெற வேண்டும். வீட்டாரிடம் பேசிச் சேர்த்துவைக்க ஒருவர் வேண்டும். அவரை மறுபடியும் வள்ளத்தில் ஏற்றிக்கொள்ள ஓர் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். இத்தனையையும் தனியாகச் செய்து முடிக்கும் வலு ஒரு சிறு தொண்டு நிறுவனத்துக்குக் கிடையாது. நாகர்கோவிலில் போதை மறுவாழ்வு மையம் நடத்துபவரும், தக்கலையில் சட்ட உதவி செய்பவரும், மார்த்தாண்டத்தில் தொழிற்பயிற்சி கொடுப்பவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய தேவை இங்கேதான் எழுகிறது.

தொண்டு நிறுவனங்கள் நீதித் துறையின் பணியில் இப்படிச் சேர்வதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 13ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். மாநில அரசு நியமிப்பவர் மட்டுமல்லாமல், மாநில அரசு அங்கீகரித்த ஒரு சங்கம் இப்பணிக்காக அளிக்கும் நபரும் நன்னடத்தை அலுவலராக, அதாவது நன்னடத்தையின் பேரில் விடப்பட்டவரை மேற்பார்வையிடுபவராக, இருக்கலாம் என்று அது சொல்கிறது. கதவு அப்போதே திறந்துதான் வைக்கப்பட்டது; அதன் வழியே நுழைந்தவர்கள்தாம் குறைவு.

[திரையில்: இங்கிலாந்து வரைபடம், பீட்டர்பரோ நகரம் குறிக்கப்படுகிறது.]

இந்தப் பணிகளை ஒப்பந்தமாக வெளியே கொடுப்பதில் மிக நீண்ட தூரம் போன நாடு இங்கிலாந்து. அங்கே நன்றாக நடந்ததும் உண்டு, நொடித்துப் போனதும் உண்டு. 2010ஆம் ஆண்டு செப்டம்பரில் பீட்டர்பரோ சிறையில் ஒரு திட்டம் தொடங்கியது. 12 மாதங்களுக்கும் குறைவான தண்டனை பெற்ற ஆண்களுக்கு, செயின்ட் கைல்ஸ் டிரஸ்ட் உள்ளிட்ட பல தொண்டு நிறுவனங்கள் ஒரே பெயரின் கீழ்ச் சேர்ந்து, சிறைக்குள்ளும் வெளியிலும் துணைநின்றன. 17 முதலீட்டாளர்கள் 50 லட்சம் பவுண்டு போட்டார்கள். மீண்டும் குற்றம் செய்வது குறிப்பிட்ட அளவு குறைந்தால் மட்டுமே அவர்களுக்குப் பணம் திரும்பும் என்பது ஏற்பாடு. இலக்கு 7.5 விழுக்காடு; கிடைத்த குறைவு 9 விழுக்காடு. நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தன் ஆளைத் தானே தேடிக்கொள்ளாமல், யாருக்கு எது தேவை என்பதை ஓரிடத்திலிருந்து ஒருங்கிணைத்ததும், செலவுக்கான பணம் முன்கூட்டியே கையில் இருந்ததும் இதில் முக்கியம் என்று நான் கருதுகிறேன்.

அடுத்து நடந்தது வேறு கதை. 2015இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதையும் 21 பகுதிகளாகப் பிரித்து, நன்னடத்தைக் கண்காணிப்பின் பெரும்பகுதியை ஒப்பந்தக்காரர்களிடம் ஒப்படைத்தார்கள். ஒப்பந்தம் கேட்பவரின் பின்னால் உள்ள தாய் நிறுவனம் ஒன்று பெருந்தொகைக்கு உத்தரவாதம் தர வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததால், தொண்டு நிறுவனங்களால் முதல் வரிசையில் நிற்க முடியவில்லை. பெரிய கம்பெனிகள் முன்னால் நின்றன; தொண்டு நிறுவனங்கள் இரண்டாம், மூன்றாம் அடுக்குத் துணை ஒப்பந்தக்காரர்களாயின. விண்ணப்பத்தில் அழகுக்காகப் பெயர் சேர்க்கப்பட்டு, வேலை வந்தபோது கண்டுகொள்ளப்படாமல் விடப்பட்ட குறை அங்கே பரவலாகப் பேசப்பட்டது. 2019 பிப்ரவரியில் மூன்று பகுதிகளைக் கையில் வைத்திருந்த ஒர்க்கிங் லிங்க்ஸ் நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குள் சென்றது. 2021 ஜூனில் கண்காணிப்புப் பணி முழுவதும் மீண்டும் அரசிடமே வந்து சேர்ந்தது.

[திரையில்: கூட்டு ஒப்பந்தத்தின் ஒரு பக்கம். பணம் பற்றிய பத்தி பெரிதாக்கப்படுகிறது.]

நம் மாவட்டத்தில் இத்தகைய பணி பெரும்பாலும் டெண்டராக வருவதில்லை. மானியமாகவோ திட்ட அனுமதியாகவோ வருகிறது. எந்த வடிவில் வந்தாலும், கூட்டு உடைவது பெரும்பாலும் பணத்தில்தான். மானியம் தவணையாக வரும். முந்தைய தவணை உரிய வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைக் கொடுத்தால்தான் அடுத்தது விடுவிக்கப்படும். நான்கு நிறுவனங்கள் சேர்ந்த கூட்டில் ஒரு நிறுவனத்தின் தணிக்கைக் கணக்கு தாமதமானால், மற்ற மூன்றின் ஆலோசகர்களுக்கும் சம்பளம் நின்றுபோகும். ஆகவே, தவணை வராத மாதங்களில் சம்பளத்தை யார் தாங்குவது, கூட்டின் சார்பில் பணத்தைப் பெறும் முதன்மை நிறுவனத்தின் கணக்கில் பணம் ஏறியபின் எத்தனை நாளில் மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும், நிர்வாகச் செலவுக்காக அது எவ்வளவு பிடித்துக்கொள்ளலாம் ஆகிய மூன்றையும் விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். "நமக்குள் என்ன, பார்த்துக்கொள்ளலாம் அண்ணாச்சி" என்று தொடங்கிய கூட்டுகள், முதல் தவணை தாமதமானதுமே முகம் சுளிக்கத் தொடங்கிவிடும்.

வெளிநாட்டு நன்கொடை பெறும் நிறுவனங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அப்படி வந்த பணத்தை வேறு எந்த நிறுவனத்துக்கும் மாற்றித் தர முடியாது. பெறுபவரும் அச்சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றிருந்தாலும் முடியாது. அரசுப் பணம் வரும்வரை வெளிநாட்டுப் பணத்தைக் கொடுத்துக் கூட்டாளியைத் தாங்கிப்பிடிக்கலாம் என்ற பழைய வழக்கம் இதனால் அடைபட்டுவிட்டது. முதன்மை நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அதனிடம் உள்நாட்டு நிதி எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதில் சங்கடப்பட வேண்டியதில்லை.

பதிவும் அப்படித்தான். சட்டத்துடன் முரண்பட்ட சிறார்களைத் தங்கவைக்கும் பணி கூட்டில் இருந்தால், அந்த இல்லம் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆவது பிரிவின் கீழ்த் தனியே பதிவு பெற்றிருக்க வேண்டும். முதன்மை நிறுவனத்தின் பதிவு அதற்கு உதவாது. அதே சட்டத்தின் 74ஆவது பிரிவு, அச்சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடைசெய்கிறது. எனவே நான்கு நிறுவனங்களின் பணியாளர்களும் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் பெயரையும் படத்தையும் போடுவது கூடவே கூடாது. விவரம் தேவைப்படுபவருக்கு, தேவையான அளவு மட்டும், பதிவேட்டில் கையொப்பம் பெற்றுக்கொண்டு கொடுக்க வேண்டும்.

டெண்டராகவே வரும் நிலையில், கூட்டாக விண்ணப்பிக்கலாம் என்று ஆவணம் சொல்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கூட்டாளிகள் "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்ற சொற்றொடர் அதில் இருந்தால், ஒருவர் பாதியில் விலகினாலும் மீதமுள்ள வேலை முழுவதும் மற்றவர்கள் தலையில் விழும் என்று பொருள்.

விலகுவதைப் பற்றியும் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். ஒரு நிறுவனம் வெளியேறினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், அதன் பொறுப்பில் இருந்தவர்களை யார் ஏற்பது, அவர்களுடைய கோப்புகள் யாரிடம் இருக்கும் என்பவை ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். சிகிச்சையின் நடுவில் இருப்பவரிடம் புதிய ஆலோசகரை அறிமுகப்படுத்தாமல் பழையவர் போய்விட்டால், அடுத்த வாய்தாவுக்கு அவர் பத்மநாபபுரம் நீதிமன்றத்துக்கு வருவாரா என்பதே சந்தேகமாகிவிடும். வராவிட்டால் பிடியாணை பிறக்கும்.