எங்களுக்கு முன்னாடி ஆறு வருஷம் எல்கேஜி படிச்ச ஒரு ஜோடி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்ங்க. சத்தம் கேக்குதா? வெளிய மழை, தகரத்து மேல கொட்டுது, அதான் கத்திப் பேசுறேன். எங்க வீட்டுக்காரர் க்ளாஸுக்குப் போயிருக்காரு, இன்னைக்கு நான் மட்டும்தான்.

போன வீடியோல நிறைய பேரு ஒரே கேள்விதான் கேட்டிருந்தீங்க. சியாங் மாய் வந்து எட்டு மாசம் ஆச்சே, என்ன ஊழியம் நடக்குதுன்னு. எங்க ஊர் சபை வாட்ஸ்அப் க்ரூப்ல ஒரு அங்கிள் நேராவே கேட்டுட்டாரு, "இதுவரைக்கும் எத்தனை ஆத்துமாம்மா?" உண்மைய சொல்லிடவா? சைபர், ஒருத்தர்கூட இயேசுகிட்ட வரல. காலைல நாலு மணி நேரம் தாய் க்ளாஸ் (தாய்மொழி இல்லைங்க, தாய்லாந்து மொழி), மத்தியானம் ஹோம்வொர்க், சாயங்காலம் மார்க்கெட்ல போய் படிச்சதச் சொல்லி நாலு பேர சிரிக்க வைக்கிறது, அவ்ளோதான் எங்க ஊழியம்.

இங்க 'க்ளை'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. குரல ஒரே மட்டத்துல வச்சு சொன்னா தூரம்னு அர்த்தம், அதையே மேல இருந்து கீழ இறக்கி சொன்னா பக்கம்னு அர்த்தம். எவ்ளோ நல்ல மனசு பாருங்க. போன வாரம் ஸ்கூட்டர் பஞ்சர், கடை எங்க இருக்குன்னு கேட்டேன், அவங்க 'க்ளை'ன்னாங்க, நான் பக்கம்னு நெனச்சுட்டு வெயில்ல வண்டிய தள்ள வச்சேன் பாவம் அவர, தள்ளினாரு, தள்ளினாரு, தள்ளிட்டே இருந்தாரு. அன்னைக்கு ஃபுல்லா அவர் என்கிட்ட பேசல.

வந்த முதல் வாரம் எப்படி இருந்தேன் தெரியுமா? ஒரு சின்ன சபைல சாட்சி சொல்லச் சொன்னாங்க, நான் அரை மணி நேரம் உருகி உருகி இங்கிலீஷ்ல பேசினேன், மொழிபெயர்த்த அக்கா நாலே வாக்கியத்துல முடிச்சுட்டு உக்காந்துட்டாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். அப்புறம் யோசிச்சா, அதுல நாலு வாக்கியத்துக்குத்தான் சரக்கே இருந்துச்சு போல.

சரி விஷயத்துக்கு வரேன். அந்த அங்கிள் கேட்ட அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, அடோனிராம் ஜட்சன், ஆன் ஜட்சன் கதைய திரும்ப எடுத்துப் படிச்சேன். பர்மாவுக்குப் போன அமெரிக்க ஜோடி. கன்வென்ஷன்ல கேட்டிருப்பீங்க, ஆனா எப்பவும் சிறை கதைதான் சொல்லுவாங்க, 1824-ல இங்கிலீஷ்காரங்களுக்கும் பர்மாவுக்கும் போர் வந்து, அவர அப்போதைய பர்மா தலைநகர் ஆவால சிறைல சங்கிலி போட்டது, அந்தம்மா பைபிள் கையெழுத்துப் பிரதிய தலகாணிக்குள்ள வச்சு தைச்சுக் காப்பாத்தினது. அது பெரிய விஷயம்தான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ஆறு வருஷம் இருக்கு பாருங்க, அத யாரும் பிரசங்கம் பண்றதில்ல, ஏன்னா அதுல ஒண்ணுமே நடக்கல!

1812 பிப்ரவரி 5 கல்யாணம், ரெண்டே வாரத்துல கப்பல். அவருக்கு 23, அந்தம்மாவுக்கு 22. கல்கத்தா வந்தா கிழக்கிந்தியக் கம்பெனி வெளிய போன்னு சொல்லிடுச்சு. மொரிஷியஸ் போனாங்க, அங்க இருந்து 1813 ஜூன்ல நம்ம மெட்ராஸ். ஆமாங்க, மெட்ராஸ்! பினாங்கு போகணும்னு ஆசை, ஆனா கம்பெனி பிடிச்சு இங்கிலாந்துக்கு அனுப்பிடுமோன்னு பயம், துறைமுகத்துல உடனே கிளம்புற கப்பல் ரங்கூனுக்குத்தான் இருந்துச்சு, ஏறிட்டாங்க. வழிலயே அந்தம்மாவுக்குக் குழந்தை செத்துப் பொறந்துச்சு. ஜூலை 13 ரங்கூன். நடக்கக்கூட தெம்பில்லாம, நாற்காலில மூங்கில் கட்டி நாலு பேரு தூக்கிட்டுப் போனாங்களாம், அந்த ஊர் பொம்பளைங்க கிட்ட வந்து தொப்பிக்குக் கீழ குனிஞ்சு முகத்தப் பாத்துப் பாத்து சிரிச்சாங்களாம். நானும் மார்க்கெட்ல தினமும் அப்படித்தான், வேடிக்கை பாக்க வந்தவ நான்னு நெனச்சேன், கடைசில வேடிக்கையே நான்தான்.

இப்ப அவரப் பத்தி ஒண்ணு சொல்லணும். பிரவுன் யுனிவர்சிட்டில கிளாஸ் ஃபர்ஸ்ட், 19 வயசுலயே டிகிரி, முடிச்ச கையோட இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம் வேற எழுதினவரு. அந்த மனுஷன் ரங்கூன்ல தரைல உக்காந்து ஒவ்வொரு பொருளா கைய நீட்டி "இது என்ன, இது என்ன"ன்னு கேக்குறாரு. வாத்தியாருக்கு இங்கிலீஷ் தெரியாது, இவங்களுக்கு பர்மீஸ் தெரியாது, வேற வழி? எழுத்து வேற பனை ஓலைல, நம்ம ஓலைச்சுவடி மாதிரியே, வார்த்தைக்கும் வார்த்தைக்கும் இடமே விடாம ஒரே கோடா ஓடும். அந்தம்மா படிக்க உக்காந்தா, பொம்பளைக்கு சொல்லிக் குடுக்குறது மட்டமான வேலைன்னு வாத்தியார் முதல்ல முகத்த சுளிச்சாராம்.

எனக்குப் பிடிச்சது அடுத்தது. வீட்டு வேலை, கடை கண்ணி, ஆளுங்க கூட பேசுறது எல்லாம் அந்தம்மா தலைல. அதனால பேச்சு அவங்களுக்குத்தான் சீக்கிரம் வந்துச்சு! இலக்கணம் அவருக்குத்தான் ஜாஸ்தி தெரியும், ஆனா பேசுறதும் புரிஞ்சுக்கிறதும் நான்தான் பெட்டர்னு அவங்களே லெட்டர்ல எழுதியிருக்காங்க. இத எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டினேன். பஞ்சர் கதைய ஞாபகப்படுத்தினாரு. சரி விடுங்க.

அமெரிக்கால பணம் அனுப்புறவங்க பலன் எங்கன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு ஜட்சன் நண்பருக்கு எழுதினாரு பாருங்க, 1816-ல. கொஞ்சம் பொறுங்க, எங்களுக்கு சாப்பாட்டுக்கு மட்டும் குடுங்க, இன்னும் இருபது முப்பது வருஷம் நாங்க உயிரோட இருந்தா எங்களப் பத்திக் கேள்விப்படலாம்னு சொல்லச் சொன்னாரு. மூணு வருஷத்துல கைல காட்ட ஒண்ணுமே இல்ல. நான் எட்டே மாசத்துல ரிப்போர்ட்டுக்கு நல்ல போட்டோ தேடிட்டு இருக்கேன். போன மாசம் ஒரு பிறந்தநாள் பார்ட்டில ஊர் பிள்ளைங்க கூட எடுத்த போட்டோவ "பிள்ளைகள் மத்தியில் ஊழியம்"னு போட்டேன், முப்பத்தஞ்சு ஆமென் வந்துச்சு. பார்ட்டில நான் கேக்தான் சாப்பிட்டேன். வெக்கமா இருக்கு, இப்பதான் வெளிய சொல்றேன்.

அவங்க 1819-லதான் ரோட்டோரமா ஒரு ஜயாத் கட்டினாங்க, நம்ம ஊர் சாவடி மாதிரி, போறவன் வரவன் உக்காந்து பேசுற இடம். அந்த ஜூன் 27 முதல் ஆளுக்கு ஞானஸ்நானம், மாங் நாவ்னு ஒரு கூலிக்காரர். அஞ்சு வருஷம் பதினொரு மாசம் ஆச்சு. ஒரே ஒருத்தர்.

ஆ, இது சொல்ல மறந்துட்டேன், ரங்கூன்ல இருந்த சயாம்காரங்ககிட்ட (சயாம்னா தாய்லாந்தோட பழைய பேரு) அந்தம்மா தாய் மொழியும் கத்துக்கிட்டு மத்தேயு சுவிசேஷத்த மொழிபெயர்த்தாங்க. நான் தடுமாறுற இதே மொழி! 1826-ல 36 வயசுலயே போய்ட்டாங்க, பர்மீஸ் பைபிள 1834-ல அவர் முடிச்சத அவங்க பாக்கவே இல்ல.

அந்த அங்கிளுக்கு நான் இன்னும் ரிப்ளை போடலங்க. டைப் பண்ணிப் பண்ணி அழிக்கிறேன். இன்னைக்கு "சைபர் அங்கிள், ஆனா மாம்பழம் பேரம் பேச வருது"ன்னு போட்டுடலாம்னு இருக்கேன்.

மழை விட்டுருச்சு. மார்க்கெட் அக்கா காத்துட்டு இருப்பாங்க, 'க்ளை' பத்து தடவ ஒழுங்கா சொன்னாத்தான் பழத்த கைல குடுப்பாங்க, நேத்து ஏழுலயே மாட்டிக்கிட்டேன். வரேங்க.