‘ஹேவ்’ என்னும் வினையும் ஆச்சியின் சுருக்குப்பையும்

நேயர்களுக்கு வணக்கம். திருநெல்வேலிச் சீமையின் பள்ளிகளில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்த எனக்கு, ‘ஹேவ்’ என்னும் சிறிய வினைச்சொல்லின் மேல் தனி அக்கறை உண்டு. அதற்கு நேரான வினைச்சொல் தமிழில் இல்லை என்பதில்தான் நம் பிள்ளைகளின் இடர்ப்பாடு தொடங்குகிறது.

ஒருமுறை அம்பாசமுத்திரம் போகும் பேருந்தில், வாழை இலைக் கட்டை மடியில் வைத்திருந்த ஆச்சி ஒருவரிடம் நடத்துநர் சில்லறை கேட்டார். ஆச்சி சுருக்குப்பையைக் கவிழ்த்து உதறிக் காட்டி, “எனக்கு மூணு மக்க இருக்காவ, ஆனா எங்கிட்ட ஒத்த ரூவா சில்லறை கெடையாதய்யா” என்றார். அந்த வாக்கியத்தை அதன்பின் எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். மக்கள் ‘எனக்கு’, சில்லறை ‘எங்கிட்ட’. எழுத்தறியாத ஆச்சிக்கும் இந்த வேறுபாடு பிசகவில்லை. உறவை ‘எனக்கு’ என்பதில் வரும் ‘கு’ உருபால் சொல்வது பழைய வழக்கு. நான்காம் வேற்றுமையின் பொருள்களை அடுக்கும் நன்னூல், ‘முறை’, அதாவது உறவுமுறை, என்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்திருக்கிறது. தலைவலியும் காய்ச்சலுங்கூட ‘எனக்கு’த்தான். ஆங்கிலத்திலோ மக்கள், சில்லறை, காய்ச்சல் அனைத்துக்கும் ஹேவ் ஒன்றே போதும்.

இனி, என் மனத்தை நெடுநாள் உறுத்திய பிழைக்கு வருகிறேன். ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’ என்று நேர்முகத் தேர்வில் சொல்லிவிட்டு வரும் பிள்ளைகளை நீங்களும் அறிவீர்கள். குற்றம் அவர்களுடையதன்று. ஹேவ் என்றால் ‘கொண்டிருத்தல்’ என்று பொருள் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம். ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதிலும் அதே ‘கொண்டிருக்கிறேன்’ வருவதால், பிள்ளை இயல்பாகவே ‘ஹேவிங்’ என்கிறது என்பது என் துணிபு. தங்கை இருப்பது ஒரு நிலை, நடந்துகொண்டிருக்கும் செயலன்று. ஆகவே ‘ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்’ என்பதே சரி. ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ என்பதும் சரியே, ஏனெனில் அங்கே ஹேவ் உண்ணுதலைக் குறிக்கிறது, உண்ணுதல் செயல். ஆகவே ஆசிரியர்களையும் பெற்றோரையும் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்: ‘கொண்டிருக்கிறேன்’ என்று பொருள் சொல்லாதீர்கள், ‘எனக்கு இருக்கிறது’, ‘என்னிடம் இருக்கிறது’ என்று ஆச்சி சொன்னபடியே சொல்லிக் கொடுங்கள்.

‘ஹேவ் டு’ பற்றியும் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதாக நிலையத்தார் கைகாட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லி விடைபெறுகிறேன். ‘ஐ ஹேவ் சீன்’ என்று அவர்கள் சொல்வதைக் ‘குற்றாலத்துச் சாரலைப் பார்த்திருக்கிறேன்’ என்று நாம் சொல்லும்போது, அங்கே ஹேவ் நிற்கும் இடத்தில் இங்கேயும் ‘இரு’ என்னும் வினைதான் வந்து நிற்கிறது. வணக்கம்.