பிரிஃபெக்ட்டின் பேனா

வணக்கம் நேயர்களே. காஸ்தோன் தெஃபேர். பிரான்சின் தென்கோடியில் மர்சேய் துறைமுக நகரம் இருக்கிறதே, அதற்கு 1953 முதல் 1986-ல் கண்மூடும்வரை மேயர். சோஷலிஸ்ட். மனிதர் முன்கோபி.

எவ்வளவு முன்கோபி? 1967 ஏப்ரல். நாடாளுமன்றத்தில் ஒரே கூச்சல். அப்போதைய ஜனாதிபதி தெகோல் அணியைச் சேர்ந்த ரெனே ரிபியேரைப் பார்த்து, "வாயை மூடும், மடையரே!" என்று சீறினார் தெஃபேர். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் ரிபியேர். மாட்டேன் என்றார் இவர். சரி, வாளை எடுப்போம்! கேலியாகச் சொல்லவில்லை ஐயா, நிஜ வாள். மறுநாள் பாரீஸை ஒட்டிய நெய்யியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் சண்டை. தெஃபேருக்கு வயது 56. ரிபியேருக்கோ விடிந்தால் கல்யாணம்! மாப்பிள்ளைக்குக் கையில் இரண்டு இடத்தில் காயம்பட்டதும் நடுவர் நிறுத்திவிட்டார். பிரான்சில் நடந்த கடைசி வாள்சண்டை அதுதான் என்கிறார்கள். படச்சுருள்கூட இருக்கிறது. கிடைத்தால் பாருங்கள், இரண்டு பேரும் வெள்ளைச் சட்டையில்.

எனக்கு முக்கியம் அதுவல்ல, பிரிஃபெக்ட். நம் கலெக்டர் மாதிரி, பாரீஸ் நியமிக்கும் அதிகாரி. மேயர் எடுத்த முடிவை நிறுத்திவைக்க அன்றைக்கு அவரால் முடிந்தது. 1974-லிருந்து தெஃபேர், மர்சேய் அடங்கிய ப்ரொவான்ஸ் மண்டலக் கவுன்சிலின் தலைவர். ஆனால் தீர்மானத்தைச் செயல்படுத்துவது யார்? பிரிஃபெக்ட். தலைவர் நாற்காலி இவருக்கு, பேனா அவருக்கு. இந்த எரிச்சலை ஏழு வருஷம் பட்டவர், 1981-ல் ஜனாதிபதி மித்தரான் அரசில் உள்துறை அமைச்சரானார். அதாவது பிரிஃபெக்ட்டுகளுக்கெல்லாம் மேலதிகாரி. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே அவர்கள் அதிகாரத்தைக் குறைத்தார், கவனியுங்கள்! 1982 மார்ச் 2-ஆம் தேதிச் சட்டம். மாவட்டத்திலும் மண்டலத்திலும் நிர்வாகம் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் கைக்கு வந்தது. மேயர் முடிவு தப்பென்று தோன்றினால் பிரிஃபெக்ட் நிர்வாக நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். மறுபடி சொல்கிறேன், தடுக்க முடியாது, வழக்குத்தான் போட முடியும்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். 1956-ல் ஆப்பிரிக்கக் காலனிகளில் எல்லாருக்கும் வாக்குரிமை தந்த சட்டமும் இவர் பெயரில்தான் இருக்கிறது, அதற்கு இன்று நேரமில்லை. நாடு முழுக்க மண்டலங்களுக்கு மக்கள் நேரடியாக வாக்களித்த முதல் தேர்தல் 1986 மார்ச்சில். ப்ரொவான்ஸில் தலைவரானவர் ழான்-குளோத் கொதான், எதிரணி; ஒருகாலத்தில் தெஃபேரின் நகரசபைக் கூட்டணியிலேயே இருந்தவர். மே மாதம் தெஃபேர் காலமானார். வணக்கம்.